வீட்டில் எழுதிய தாளுக்கு மதிப்பெண் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு (ஏஐ) வந்துவிட்டது, இணையவழிக் கல்வி தலைகீழாகப் புரளப் போகிறது, இனி ஆசிரியருக்கே வேலை இல்லை என்ற பேச்சு பத்திரிகைகளிலும் மேடைகளிலும் ஓயாமல் நடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் இணையவழிப் பாடங்களைத் தயாரிப்பது, அவற்றுக்குத் தேர்வு நடத்துவது, மாணவர் வீட்டில் இணைப்பு ஏன் நிலைக்கவில்லை என்று பார்ப்பது ஆகியவை எங்கள் அன்றாட வேலை. எங்கள் கண்ணுக்கு இடி விழுந்த இடம் வேறாகத் தெரிகிறது. விழுந்தது அசைன்மென்ட் மதிப்பெண்ணின் தலையில். அதைப் பற்றித்தான் யாரும் பேசக் காணோம்.

‘புரட்டிப் போடும் தொழில்நுட்பம்’ என்ற சொல்லை இப்போது புதிதாக வரும் எல்லாச் செயலிக்கும் ஒட்டிவிடுகிறார்கள். 1995ல் ஜோசப் பவரும் கிளேட்டன் கிறிஸ்டென்சனும் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் அதை எழுதியபோது பொருள் குறுகலாக இருந்தது. வரும்போது மலிவாக, தரம் குறைந்ததாக வரும். பெரிய நிறுவனங்கள் மதிக்காத ஆட்களிடம் முதலில் போய்ச் சேரும். பிறகு படிப்படியாக மேலேறி, பெரியவர்களின் இடத்தையே பிடிக்கும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் உலகப் புகழ்பெற்ற திறந்தநிலை இணையப் பாடங்கள் தேறவில்லை. 2011ல் ஸ்டான்ஃபோர்டு நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கு 1,60,000 பேர் பதிந்தார்கள். மறு ஆண்டே கோர்செரா, எடெக்ஸ் என்ற இணையப் பாடத்தளங்கள் வந்தன. ஹார்வர்டும் எம்ஐடியும் எடெக்ஸில் நடத்திய பாடங்களின் கணக்கைப் பார்த்தால், 2017-18ல் பதிந்தவர்களில் முடித்தவர் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். பதிந்தவர்களிலும் பெரும்பாலோர் ஏற்கெனவே வசதியான நாடுகளில் இருந்தவர்கள். கீழிருந்து ஏறி வரவேண்டியது மேலேயே நின்றுவிட்டது.

நம் ஊரில் கீழிருந்து ஏறியவை வேறு. டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வுக்கான யூடியூப் வகுப்பு, டெலிகிராமில் சுற்றும் பிடிஎஃப், வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் போடும் மூன்று நிமிடக் குரல்பதிவு. படம் மங்கலாக இருக்கும், பின்னால் மின்விசிறிச் சத்தம் கேட்கும், எந்தப் பல்கலைக்கழகமும் அங்கீகாரம் கொடுத்ததில்லை. ஆனாலும் புதுவயலிலோ பள்ளத்தூரிலோ பஸ் ஏறிக் கோச்சிங் போக முடியாத பெண்ணுக்கு அதுதான் வகுப்பு. கிறிஸ்டென்சன் சொன்ன பொருளுக்கு உதாரணம் தேடினால் எங்களுக்கு இதுதான் கிடைக்கிறது.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது. அது முதலில் யாரைச் சாய்த்தது என்று பாருங்கள். வீட்டுப்பாடத்துக்கு விடை விற்று வந்த செக் என்ற அமெரிக்க நிறுவனம், சாட்ஜிபிடியால் புதிய வாடிக்கையாளர்கள் குறைகிறார்கள் என்று 2023 மே மாதம் சொன்னதும், அதன் பங்கு ஒரே நாளில் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. விடைத்தாள் வியாபாரம் படுத்துவிட்டது என்றால் விடைத்தாளுக்கு மதிப்பில்லை என்று பொருள். நம் கல்லூரிகளோ அந்தத் தாளுக்கு இன்னும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கின்றன.

ஐஐடிகள் முதலானவை நடத்தும் என்பிடெல், மத்திய அரசின் ஸ்வயம் ஆகிய இணையப் பாடங்களின் கணக்கை இங்கே எடுத்துப் பார்ப்பது பயன் தரும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2021ஆம் ஆண்டு விதிப்படி ஒரு செமஸ்டரில் 40 சதவீதப் பாடங்கள் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம். 12 வார என்பிடெல் பாடத்தில் 12 அசைன்மென்ட்டுகளில் சிறந்த 8ஐ எடுத்துச் சராசரி போட்டு 25 மதிப்பெண். நேரில் மையத்துக்குப் போய் எழுதும் தேர்வு 75. சான்றிதழ் வேண்டுமென்றால் 25க்குக் குறைந்தது 10, 75க்குக் குறைந்தது 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும். இந்த ‘தனித்தனியாக’ என்ற சொல்தான் உயிர்நாடி. ஏஐ எழுதிக் கொடுத்து ஒருவர் 25க்கு 25 வாங்கினாலும், தேர்வுக்கூடத்தில் 30 எடுக்காவிட்டால் வெறுங்கைதான். அதே 25ஐத் தேர்வு மதிப்பெண்ணோடு கூட்டி, மொத்தம் 40 வந்தால் போதும் என்று வைத்தால், தேர்வில் 75க்கு 15 எடுத்தவரும் தேறிவிடுவார். ஐந்தில் ஒரு பங்கு தெரிந்தவருக்குச் சான்றிதழ்! அகமதிப்பீட்டுக்குத் தனி வரம்பும் தேர்வுக்குத் தனி வரம்பும் வைக்காத எந்த இணையவழிப் பாடமும் இன்று இந்த ஓட்டையோடுதான் ஓடுகிறது.

ஐஐடி மெட்ராஸ் 2020ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் இணையவழிப் பட்டப்படிப்பில் பாடம், வாராந்திர அசைன்மென்ட் எல்லாம் இணையத்தில். குவிஸும் இறுதித் தேர்வும் நேரில். அவர்களிடம் இல்லாத தொழில்நுட்பமா? எதை வீட்டில் விடலாம், எதை விடக்கூடாது என்ற கணக்கு அது.

ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் வாங்கிவிட்டால் போதாதா என்று நிர்வாகங்கள் கேட்கின்றன. வாங்காதீர்கள். சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே அப்படி ஒரு கருவியை 2023 ஜனவரியில் விட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை ஏஐ என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அந்த ஜூலையிலேயே எடுத்துவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டு ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்கள் சொந்தமாக எழுதிய டோஃபெல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஏஐ எழுதியவை என்று முத்திரை குத்தப்பட்டன. சொல்வளம் குறைவாக, வாக்கியங்கள் ஒரே அச்சில் இருந்தால் இந்தக் கருவிகள் இயந்திரம் என்று முடிவு கட்டிவிடும். தமிழ்வழியில் படித்து வந்து, மனப்பாடம் செய்த நாலைந்து ஆங்கில வாக்கிய அமைப்புகளை வைத்துக்கொண்டு எழுதும் முதல் தலைமுறை மாணவரின் நடை அதுதான். காப்பியடிக்காதவரைப் பிடித்து, காப்பியடித்துவிட்டு நாலு சொல்லை மாற்றியவரை விட்டுவிடும் காவல்காரன் நமக்கு வேண்டாம். கூகுள் டாக்ஸில் திருத்த வரலாற்றைப் பார்ப்பது கொஞ்சம் உதவும். முழுக் கட்டுரையும் ஒரே நொடியில் ஒட்டப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். ஆனால் பக்கத்தில் இன்னொரு போனை வைத்து, அதைப் பார்த்துத் தட்டினால் அதிலும் ஒன்றும் தெரியாது.

மிஞ்சுவது வாய்மொழி. செட்டிநாட்டுக்கு இது புதிதல்ல. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க (வட்டித் தொழில் செய்ய) செட்டியார்கள் போன காலத்தில், ஒருவனுக்கு ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) போடத் தெரியுமா என்பதைத் தாளைப் பார்த்து யாரும் முடிவு செய்யவில்லை. பெட்டியடிப் பையன் என்ற கடைநிலை வேலையில் உட்காரவைத்து, வட்டியை வாய்க்கணக்காகச் சொல்லச் சொல்லி, தேறிய பிறகுதான் அடுத்தாள் என்ற மேல்நிலைக்கு ஏற்றினார்கள்.

ஒரு வகுப்பில் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 5 நிமிடம், ஆள் மாற 1 நிமிடம். எல்லோரையும் ஒரே நாளில் கேட்டால் 6 மணி நேரம். கேட்பவருக்கு நாக்கு வறண்டுவிடும், கடைசி 20 பேருக்கு நியாயம் கிடைக்காது. ஆகவே வாரத்துக்கு 10 பேர், குலுக்கலில். ஆறு வாரத்தில் ஒரு சுற்று முடியும். 12 வாரப் பாடத்தில் ஒவ்வொருவரும் இரண்டு முறை சிக்குவார். இங்கே ஒரு ஓட்டை உண்டு. ஒரு முறை முடித்தவர் அடுத்த சுற்று வரும்வரை நிம்மதியாகக் காப்பியடிப்பார். அதனால் ஏற்கெனவே கேட்கப்பட்டவர்களில் இருவரை ஒவ்வொரு வாரமும் மறுபடி சேர்க்க வேண்டும். மொத்தம் 12 பேர், ஒன்றேகால் மணி நேரம். யார் யார் என்பது அன்று காலைதான் தெரிய வேண்டும்.

கேள்விகள் மூன்று போதும். மூன்றும் அந்த மாணவர் கொடுத்த தாளிலிருந்தே எழ வேண்டும். பி.காம். தேய்மானக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1,00,000 ரூபாய் இயந்திரம், ஆண்டுக்கு 10 சதவீதத் தேய்மானம், மீதி நிற்கும் மதிப்பில் கழிக்கும் குறைந்துசெல் மதிப்பு முறை. முதல் ஆண்டு 10,000, இரண்டாம் ஆண்டு 9,000, மூன்றாம் ஆண்டு 8,100. தாளில் இது அச்சடித்தாற்போல் இருக்கும். முதல் கேள்வி: “இதே இயந்திரத்தை அக்டோபர் 1ஆம் தேதி வாங்கியிருந்தா?” மார்ச் 31ல் கணக்கு முடிகிறது, பயன்படுத்தியது 6 மாதம், தேய்மானம் 5,000. மீதி 95,000, அடுத்த ஆண்டுக்கு 9,500. கணக்கைத் தானே போட்டவர் கொஞ்சம் தடுமாறினாலும் “ஆறு மாசம்தானே சார்” என்ற இடத்துக்கு வந்துவிடுவார். போடாதவர் 10,000லேயே நிற்பார். இரண்டாம் கேள்வி ஒரு படிநிலைக்குக் காரணம் கேட்பது: 9,000 ஏன், மறுபடி 10,000 ஏன் இல்லை? மூன்றாவது, தப்பான விடையைக் காட்டிக் குற்றம் கண்டுபிடிக்கச் சொல்வது: ஒருவர் 10,000, 9,000, 8,000 என்று போட்டிருக்கிறார், எந்த ஆண்டில் சறுக்கினார்?

கெட்டுப்போகும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் ஒரே கேள்விப் பட்டியலை வைத்துக்கொண்டு கேட்டால், மூன்றாவது ஆள் முடிப்பதற்குள் அது வாட்ஸ்அப்பில் வந்துவிடும். ஆங்கிலத்தில் கேட்டால் தெரிந்தவரும் வாயடைத்து நிற்பார். கேள்வி தமிழில், கலைச்சொல் எந்த மொழியிலும் இருக்கலாம், மொழிக்கு மதிப்பெண் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீடியோ அழைப்பு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பாதி நேரம் “கேக்குதா, கேக்குதா” என்பதிலேயே போய்விடும். சாதாரண போன் அழைப்பு, ஆசிரியர் இருவர் கான்ஃபரன்ஸில், மாணவர் அனுமதியோடு பதிவு. அவ்வளவுதான். பக்கத்தில் யாரோ கிசுகிசுப்பது போல் பட்டால், அவர்களை அடுத்த வாரம் நேரில் கூப்பிடலாம். மதிப்பெண் 0 முதல் 3 வரை போதும். பத்துக்குப் போட்டால் 6க்கும் 7க்கும் என்ன வித்தியாசம் என்று சண்டைதான் மிஞ்சும்.

ஏஐயை விரட்டச் சொல்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாத்தியாராக வைத்துக்கொள்ளலாம், எழுத்தராக வைத்துக்கொள்ளக் கூடாது. துருக்கியில் ஏறக்குறைய 1,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் பாடத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் ஏஐயை வைத்திருந்தவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதலாகச் சரி செய்தார்கள். கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தேர்வு வைத்தபோது, அந்தக் கருவியைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி கட்டிப்போட்ட வடிவத்தில் பயிற்சி 127 சதவீதம் உயர்ந்தது, தேர்வில் அந்தச் சரிவும் பெருமளவு இல்லை. எனவே மாணவருக்குக் கொடுக்கும் முன்பு அந்தக் கட்டுப்பாட்டை ஆசிரியர் எழுத வேண்டும்: “விடையைச் சொல்லாதே. ஒரு நேரத்தில் ஒரு குறிப்பு. மாணவர் தன் படிநிலையை எழுதிய பிறகே அடுத்தது.” கூடவே சரியான விடையையும், வழக்கமாக நிகழும் தப்புகள் நாலைந்தையும் கொடுத்துவிட வேண்டும்; அந்த ஆய்விலும் ஆசிரியர்கள் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். இல்லாவிட்டால் குறிப்பே தப்பாக வரும்.

தமிழில் கேட்கும்போது இன்னொரு வம்பு சேர்கிறது. ஏஐ படித்து வளர்ந்த தமிழில் தமிழ்நாட்டுப் பாடநூலும் இருக்கிறது, இலங்கைப் பாடநூலும் இருக்கிறது. நம் பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘வேகம்’ என்றால் திசை இல்லாத அளவு. திசையோடு சேர்ந்தால் ‘திசைவேகம்’. இலங்கையில் திசை இல்லாதது ‘கதி’, திசையோடு கூடியதற்கே ‘வேகம்’ என்று பெயர். நம் ‘முடுக்கம்’ அங்கே ‘ஆர்முடுகல்’. இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் ஒரே விடைக்குள் இரண்டும் கலந்து வந்தால் மாணவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். பாடநூலின் கடைசியில் உள்ள கலைச்சொல் பட்டியலை அப்படியே ஏஐக்குக் கொடுத்து, “இந்தச் சொற்களை மட்டும் பயன்படுத்து” என்றால் முக்கால்வாசி சரியாகிவிடும்.

எழுத்திலேயே ஒரு பொறி இருக்கிறது, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘கொப்புடையம்மன்’ என்று எழுதினால் நமக்கு எட்டு எழுத்து. கணினிக்குள் அது 14 குறி. கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட் வீதம் 42 பைட். ஆங்கிலத்தில் 14 குறிக்கு 14 பைட்தான். தமிழில் கேட்டால் பணம் கூடுதலாக ஆவதற்கும், நீண்ட பாடத்தைக் கொடுத்தால் ஏஐ முன்பாதியை மறப்பதற்கும் ஒரு காரணம் இங்கே தொடங்குகிறது. இது கிடக்கட்டும். அந்த ‘கொ’ இருக்கிறதே, அதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டி இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் துளியும் தெரியாது. தானாகத் திருத்தும் தேர்வில், ஆசிரியர் ஒரு முறையிலும் மாணவர் மறு முறையிலும் தட்டினால், சரியான விடைக்குச் சில செயலிகள் பூஜ்யம் போடும். யூனிகோடு ஒருமுகப்படுத்தல் என்ற வசதியைச் செயலி செய்பவர் சேர்த்திருந்தால் இது தீர்ந்துவிடும். தீராதது ‘ஔவை’. ‘ஔ’ என்ற ஒற்றை எழுத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் வைத்து ‘ஒளவை’ என்று தட்டும் பழக்கம் ஊரெங்கும் உண்டு. கணினிக்கு இவை வெவ்வேறு சொற்கள், ஒருமுகப்படுத்தினாலும் சேராது. இரண்டையும் சரியான விடையாக ஆசிரியரே ஏற்றி வைக்க வேண்டும்.

பழைய வினாவங்கிகள் இதைவிட மோசம். பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கேள்விகளை அப்படியே ஏற்றினால் பூச்சி ஊர்ந்தது போல் ஆங்கில எழுத்துகள்தான் வரும். 2010லேயே தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தமிழ் எழுத்துக் குறியீட்டுத் தரமாக அறிவித்துவிட்டது. அதற்கப்புறமும் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுக்கும் அச்சகங்களை என்ன சொல்வது? ஸ்கேன் செய்து எழுத்துணரியில் (ஓசிஆர்) கொடுத்தால், துணைக்காலையும் ரகரத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றி வைக்கும். ‘பாடம்’ ‘பரடம்’ ஆகும். ஆளை வைத்துப் பார்க்காமல் எதையும் ஏற்றக் கூடாது.

இனி வீட்டுக்குள் வருவோம். செட்டிநாட்டு வீட்டில் வைஃபை ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஃபைபர் கேபிள் தெருவிலிருந்து வந்து முகப்பில் நிற்கும். கனெக்‌ஷன் கொடுப்பவர் அங்கேயே மோடம் பெட்டியை ஆணியடித்து மாட்டிவிட்டுப் போய்விடுவார். பையன் படிப்பது உள்ளே, வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில். நடுவே செங்கலும் சுண்ணாம்புமாக ஒன்றரை அடி, இரண்டடிச் சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சுவரிலேயே மூச்சை விட்டுவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் இரண்டைத் தாண்டலாம், மூன்றாவதில் படுத்துவிடும். ரிப்பீட்டர் வாங்கி நடுவில் மாட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர், அலையைப் பெறுவதையும் திருப்பி அனுப்புவதையும் ஒரே அலைவரிசையில் செய்வதால் வேகம் பாதியாகிவிடும். பெட்டி முகப்பிலேயே இருக்கட்டும். அங்கிருந்து 20, 30 மீட்டர் கேட்-6 நெட்வொர்க் கம்பியை உத்தரத்தின் ஓரமாக இழுத்து, வளவுப் பத்தியில் (நடுமுற்றத்துத் தாழ்வாரத்தில்) தூணருகே வைஃபை பரப்பும் ஓர் அக்சஸ் பாயிண்ட்டை மாட்டினால், திறந்த வளவின் வழியே அலை சுற்றியுள்ள அறை வாசல்களுக்கெல்லாம் போய்ச் சேரும். 100 மீட்டர் வரை அந்தக் கம்பி தாங்கும். ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பெயர்த்துக் குழாய் பதிக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது. ஃபைபரை மட்டும் நீங்களாக உள்ளே இழுக்காதீர்கள். நிலைக்கதவின் இடுக்கில் மடங்கினால் ஒளி கசிந்து பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். வளைவு 3 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் மினி யுபிஎஸ் போதும். பெட்டியும் ரவுட்டரும் சேர்த்துச் சுமார் 10 வாட் இழுக்கும். 8,800 எம்ஏஎச் என்று எழுதிய யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது 3.7 வோல்ட் பாட்டரி. பெருக்கினால் 32 வாட்-மணி, சேதாரம் போக இரண்டரை மணி நேரம். 12 வோல்ட் பின்னை 9 வோல்ட் ரவுட்டரில் சொருகினால் கருகிவிடும். அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள்.

செல்போன் டேட்டாவை மட்டும் நம்பி இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. 720 பி தரத்தில் வகுப்புப் பார்த்தால் நொடிக்குச் சுமார் 1.2 மெகாபிட், மணிக்கு 540 எம்பி. மாணவர் கேமராவையும் திறந்து வைத்தால் அதே அளவு மேலே போகும், மணிக்கு 1,080. நாளுக்கு 1.5 ஜிபி பேக் ஒன்றரை மணி நேரம் தாங்காது. வெறும் குரல் என்றால் நொடிக்கு 80 கிலோபிட், மணிக்கு 36 எம்பி. வகுப்பை 32 கிலோபிட் ஒற்றை ஒலித்தடத்தில் பதிந்து அனுப்பினால் மணிக்கு 14 எம்பிதான். கரும்பலகைப் படங்கள் எட்டும் இந்தக் குரல்பதிவும் சேர்ந்தால் ஒரு மணி நேரப் பாடம் 20 எம்பிக்குள் அடங்கும். ஆசிரியர் முகம் தெரியவில்லையே என்று வருத்தப்படுபவர்கள் மாணவர்கள் அல்ல, பெரும்பாலும் ஆசிரியர்கள்தான்.

இணைப்பே இல்லாத கிராமத்து நூலகத்துக்கோ பள்ளிக்கோ ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவுக் கணினியில் கொலிப்ரி மென்பொருளை ஏற்றிக் கொடுக்கலாம். உள்ளூர் வைஃபையிலேயே பாடம், வினா, மதிப்பெண் எல்லாம் ஓடும். இதில் மூன்று தொல்லைகள். 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டருக்குப் பதில் பழைய போன் சார்ஜரைப் போட்டால் நடுவில் மயங்கி விழும். அதன் சொந்த வைஃபையில் ஒரு வகுப்பே ஏறினால் திணறும், தனி ரவுட்டரைக் கம்பியில் இணைக்க வேண்டும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. அதற்குள் கடிகாரப் பாட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால், இணையம் இல்லாத இடத்தில் அதற்குத் தேதி தெரியாது. சொன்ன நாளில் கொடுத்த தாள் பழைய தேதியில் பதிவாகும். டிஎஸ்3231 என்ற சிறு கடிகாரச் சில்லைச் சேர்த்தால் தீர்ந்தது. பை 5ல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பாட்டரியைத்தான் தனியாக வாங்க வேண்டும்.

கல்விச் செயலி வாங்கும் நிர்வாகங்களுக்கு ஒரு வார்த்தை. 2022ல் 2,200 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட பைஜூஸ் மீது 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. எந்த நிறுவனமும் நாளை இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, வினாவங்கியை மூடில் என்ற பாட மென்பொருள் ஏற்கும் கோப்பாகவும், வீடியோவை எம்பி4 ஆகவும், மதிப்பெண்ணை எக்செல் தாளாகவும் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். “செய்து தருகிறோம்” என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்த ஊர் இது. இன்று இணையவழிக் கல்விக்கு இவ்வட்டாரத்தில் வேண்டியது அத்தனை பெரிய கொடையல்ல. ஊர் நூலகத்திலோ, பூட்டியே கிடக்கும் பெரிய வீடு ஒன்றின் முகப்பிலோ பத்து மேசை, ஒரு ஃபைபர் இணைப்பு, வாரத்தில் இரண்டு நாள் வந்து உட்காரும் ஓர் ஆசிரியர். வாய்மொழித் தேர்வை நேரில் வைக்க வேண்டியவர்களுக்கும், என்பிடெல் தேர்வுக்கு முன் மாதிரித் தேர்வு எழுத வேண்டியவர்களுக்கும் அது போதும். வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்களுக்கு ஒதுக்கும் பணத்தில் கால்பங்கை நிர்வாகங்கள் இதற்குத் திருப்ப வேண்டும். அதோடு வருகிற கல்வியாண்டிலிருந்து, வீட்டில் எழுதும் அசைன்மென்ட்டை மதிப்பெண்ணில் சேர்க்காமல், வாய்மொழிக்கு உட்கார அனுமதிச் சீட்டாக மட்டும் வைக்க வேண்டும். தாள் கொடுத்தால்தான் கேள்வி, கேள்விக்குச் சொன்னால்தான் மதிப்பெண்.

கால அட்டவணை போடுபவர்களுக்கு ஒன்று. மாசி-பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா நாட்களில் போன் வழி வாய்மொழித் தேர்வை வைக்க வேண்டாம். தெருவெங்கும் குழாய் ரேடியோ அலறும். போனில் உள்ள இரைச்சல் நீக்கி அந்தப் பாட்டை வெட்டுகிறேன் பேர்வழி என்று மாணவரின் பதிலையும் சேர்த்து வெட்டிவிடும். அந்தப் பத்து நாளை விட்டுவிட்டு, விட்டுப்போனவர்களையும் மறுவாரம் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இணையவழிப் பாடப் பணியில் உள்ள ஆசிரியர்கள், தொழில்நுட்பப் பணியாளர்கள் சிலர்,
காரைக்குடி.